கறுப்பு ரெக்சின் அட்டைக்குள்ளே என்ன இருக்கிறது?

ஊட்டியில் ஏ.டி.சி. பக்கம் எனக்கு ஒரு சின்ன டி.டி.பி. கடை. தட்டச்சு, ஜெராக்ஸ், பைண்டிங். பதினேழு வருஷமாக மாணவர்களின் ஆய்வேடுகளை அடித்து, பிரிண்ட் எடுத்து, கறுப்பு ரெக்சின் அட்டை போட்டு, தங்க எழுத்து அழுத்திக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஜூன், ஜூலையில் மழையும் மூடுபனியும் சேர்ந்துகொண்டால் தாள் ஈரத்தை இழுத்து அப்பளம் மாதிரி நெளிந்துவிடும், பசை காய இரண்டு நாள் பிடிக்கும், சரியாக அந்த வாரம்தான் "அண்ணா, நாளைக்கு சப்மிட் பண்ணணும்" என்று யாராவது நனைந்த குடையோடு வாசலில் நிற்பார்கள். விலங்கியல், வரலாறு, சமூகப்பணி, தமிழ், இயற்பியல், வணிகவியல் என்று எல்லாத் துறையும் என் மேசைக்கு வந்து போயிருக்கிறது. நான் பட்டம் வாங்கியவன் இல்லை, பி.காமில் இரண்டு பேப்பர் இன்னும் பாக்கி. ஆனால் இத்தனை வருஷம் அடித்துக்கொண்டே இருந்தால் எது ஆராய்ச்சி, எது வெறும் காகிதம் என்று கைக்கே தெரிந்துவிடுகிறது.

போன மாதம் முத்தோரைப் பக்கம் உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிற அண்ணன் ஒருவர் வந்தார். மகள் பிஎச்.டி.க்குப் பதிவு செய்கிறாள், சான்றிதழ்களை நகல் எடுக்க வேண்டும். பாதியில் கரண்ட் போய்விட்டது. உட்கார்ந்தார். "ஏந்தம்பி, மூணு வருஷம் நாலு வருஷம்ங்கறாங்க, அப்படி என்னதான் பண்ணுவாங்க? நாலு புத்தகத்தைப் பார்த்து அஞ்சாவதா ஒண்ணு எழுதறதுதானே?" என்றார். கூடவே, "ஆராய்ச்சி நானுந்தான் பண்ணியிருக்கேன். போன வருஷம் மேட்டுத் தோட்டத்துல வேப்பம்புண்ணாக்கு போட்டேன், கிழங்கு சும்மா அள்ளிக் கொடுத்துச்சு. அது ஆராய்ச்சி இல்லையா?"

கரண்ட் வருகிற வரைக்கும் அவரிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பிள்ளையை ஆராய்ச்சிக்கு அனுப்பிவிட்டு அது என்னவென்று தெரியாமல் தலையாட்டும் பெற்றோர் நிறையப் பேர். ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்டு அது என்னவென்று தெரியாத பிள்ளைகளும் உண்டு, அவர்களுக்கும் பைண்டிங் போட்டிருக்கிறேன்.

முதலில் அந்த நாலு புத்தகம் சமாசாரம். படிப்பது ஆராய்ச்சியின் முதல் வேலை, அதில் சந்தேகமில்லை. ஏற்கெனவே யார் என்ன கண்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல் இறங்கினால், கேத்திக்குப் பஸ் ஓடுவது தெரியாமல் காட்டு வழியே கேத்திக்குப் பாதை வெட்டிய கதையாகிவிடும். ஆய்வேட்டில் இரண்டாம் அத்தியாயம் பெரும்பாலும் இந்த வேலைதான். அங்கேயே நின்றுவிட்டால் அது தொகுப்பு. அத்தனையும் படித்த பிறகும் விடை கிடைக்காத ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறதே, அதை எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் ஆராய்ச்சி.

இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு மனுநீதிச் சோழன் வாசலில் தொங்கிய ஆராய்ச்சி மணிதான் நினைவுக்கு வரும். கன்றைப் பறிகொடுத்த பசு வந்து அடித்ததாகச் சொல்வார்கள். என்ன நடந்தது என்று ராஜாவுக்குத் தெரியாது, விசாரிக்கிறான், சாட்சியைப் பார்க்கிறான், கடைசியில் தேரை ஓட்டியது தன் மகனே என்று வருகிறது. வந்த முடிவை அவன் மாற்றிக்கொள்ளவில்லை. ஆராய்ச்சியில் கஷ்டமான இடம் இதுதான்: நாம் ஆசையாக வளர்த்த எண்ணத்தின் மீதே தேர் ஏறினாலும் விட்டுக்கொடுக்க வேண்டும். தன் எண்ணம் பொய்யாகப் போகவே வழியில்லாதபடி ஒருவர் கேள்வியை அமைத்துக்கொண்டால், எத்தனை அட்டவணை போட்டாலும் அது ஆராய்ச்சி ஆகாது.

கேள்வி சின்னதாக இருக்க வேண்டும் என்பதும் பலருக்குப் புரிவதில்லை. "நீலகிரி மாவட்ட விவசாயிகளின் பிரச்சினைகள்: ஓர் ஆய்வு" என்று எத்தனை அட்டைக்குத் தங்க எழுத்து அடித்திருப்பேன், கணக்கில்லை. அதில் கேள்வியே கிடையாது. "கூட்டுறவு ஆலை பக்கத்திலேயே இருந்தும் இந்த மூன்று ஊர்ச் சிறு தேயிலை விவசாயிகள் பசுந்தேயிலையை ஏஜெண்டுக்குப் போடுவது ஏன்?" என்று கேட்டால் அது கேள்வி. ஏஜெண்ட் முன்பணம் தருகிறார் என்பதாலா, தோட்டத்துக்கே வண்டி வருகிறது என்பதாலா, விலையாலா என்று ஊகித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம். இந்த ஊகத்துக்குத்தான் கருதுகோள் என்று பெரிய பெயர்.

சரி, அண்ணனுக்கு அவர் கிழங்கை வைத்தே சொன்னேன். தோட்டத்தில் செடி அங்கங்கே திட்டுத்திட்டாகக் குட்டையாக நிற்கிறது, இலை மஞ்சளடிக்கிறது, கிழங்கு கோலிக்குண்டு அளவுக்கு இருக்கிறது. காரணம் என்ன? உரம் போதவில்லை என்பார் ஒருவர், மண் புளித்துவிட்டது என்பார் இன்னொருவர், விதை சரியில்லை என்பார் மூன்றாமவர், கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் கட்டுகிறவரும் உண்டு. 1961இல் எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ் என்ற நூற்புழு நிபுணர் நம் நீலகிரியில் கிழங்குச் செடியின் வேரைப் பிடுங்கிப் பார்த்தபோது அதில் குண்டூசித் தலை அளவுக்குச் சின்னச்சின்ன உருண்டைகள் ஒட்டியிருந்தன. முதலில் வெள்ளை, அப்புறம் தங்க மஞ்சள், காய்ந்தால் பழுப்பு. ஒவ்வொன்றும் ஒரு பெண் புழுவின் உடம்பு, உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டை. உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழு. இந்தியாவில் அது இருக்கிறது என்று முதலில் தெரியவந்தது இங்கேதான்.

வேரில் புழு இருப்பதைப் பார்த்தாயிற்று, அவ்வளவுதானே என்று தோன்றும். இல்லை. புழு வந்ததால் செடி நோஞ்சானாயிற்றா, அல்லது ஏற்கெனவே நோஞ்சானாக இருந்த செடியில் புழு வந்து ஒட்டிக்கொண்டதா? இதைப் பிரிக்க, ஒரே மண்ணைச் சுத்தப்படுத்தித் தொட்டிகளில் நிரப்பி, பாதித் தொட்டிகளில் மட்டும் புழுவை விட்டு, மற்றதெல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோல வைத்து வளர்க்க வேண்டும். புழு விட்டது மட்டும் குட்டையானால்தான் குற்றவாளி அதுவென்று சொல்லலாம். புழு விடாத தொட்டிக்கு ஒப்பீட்டுத் தொட்டி என்று பேர். அதில்தான் உயிரே இருக்கிறது, ஆனால் மாணவர்கள் அதை விட்டுவிட்டுத்தான் ஓடிவருவார்கள்.

அதற்கு மேல் தோண்டினால் இன்னும் கேள்விகள். இந்த முட்டைகள் மண்ணுக்குள் பல வருஷம் சும்மா கிடக்கும், கிழங்குச் செடியின் வேர் கசியும் சாறு பட்டால்தான் கும்பலாகப் பொரிக்கும். அப்படியானால் ஒரே தோட்டத்தில் போகத்துக்குப் போகம் கிழங்கே போடுவது புழுவுக்குப் பந்தி விரிப்பது மாதிரி. நடுவில் சில வருஷம் முட்டைக்கோசு, கேரட், பூண்டு என்று மாற்றிப் போடுங்கள் என்று அதிகாரிகள் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தத் தகவல்தான். முத்தோரையிலேயே மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. புழுவைத் தாக்குப்பிடிக்கிற குஃப்ரி ஸ்வர்ணா ரகம் அப்படிப்பட்ட வேலையில் பிறந்தது, 1985இல் வெளிவந்தது. பேரிலேயே தங்கம் இருக்கிறது பாருங்கள்.

இப்போது புது ரகத்தையும் பழைய ரகத்தையும் ஒப்பிட வேண்டும் என்று வையுங்கள். நம் மலைத் தோட்டம் சரிவு. மேல் பாத்தியில் தண்ணீர் நிற்காது, கீழ்ப் பாத்தியில் ஈரம் தங்கும். டிசம்பர், ஜனவரியில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் போய்த் தேங்கும், உறைபனி கீழே கருக்கும், மேலே ஒன்றும் ஆகாது. புது ரகத்தை மேலேயும் பழையதைக் கீழேயும் போட்டுவிட்டு "புது ரகம் பிரமாதம்" என்றால், ஜெயித்தது ரகமா, மேடா? இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது, சீட்டுக் குலுக்கல். பன்னிரண்டு பாத்தி இருந்தால் பன்னிரண்டு சீட்டு எழுதி, எந்தப் பாத்திக்கு எந்த ரகம் என்று குலுக்கி எடுப்பது. மனிதக் கை தன்னையறியாமல் நல்ல இடத்தைப் பிடித்த ரகத்துக்குக் கொடுத்துவிடும், சீட்டுக்கு அந்தப் பாசம் கிடையாது. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்ற வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஆர்.ஏ. ஃபிஷர் 1920களில் இதை முறையாக வகுத்தார். இன்றைக்கு ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் பார்ப்பதும் இதே குலுக்கல்தான், வயலில் பிறந்து ஆஸ்பத்திரிக்குப் போனது.

"அப்ப எல்லா ஆராய்ச்சியும் இப்படித் தொட்டி வெச்சுப் பண்றதுதானா?" என்றார். அங்கேதான் துறைக்குத் துறை வித்தியாசம் வருகிறது. சூரியனைத் தொட்டியில் வைக்க முடியாது.

கொடைக்கானல் போனவர்கள் சூரிய ஆய்வகத்தைப் பார்த்திருப்பீர்கள், அல்லது ஏரியில் படகு விட்டுவிட்டுப் பார்க்காமலே வந்திருப்பீர்கள். 1899இல் தொடங்கியது. 1909 ஜனவரியில் அங்கே ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளியின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தார். அதில் தெரிகிற கோடுகள் இருக்க வேண்டிய இடத்தைவிடக் கொஞ்சம் நகர்ந்திருந்தன. குன்னூர் மலைப்பாதையில் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிற பஸ் நம்மைத் தாண்டிப் போனதும் சத்தம் தடித்துப்போகிறதே, அதே விஷயம் ஒளியிலும் உண்டு. அதை வைத்து, சூரியப் புள்ளியின் ஓரத்தில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று கண்டார். எவர்ஷெட் விளைவு என்று இன்றும் உலகம் முழுக்க அதே பேர்தான். அவர் சூரியனைத் தொடவில்லை, மாற்றவில்லை, பார்த்தார், அளந்தார். வானியலில் சாட்சி என்பது அதுதான். அதனால்தான் அங்கே 1900களின் தொடக்கத்திலிருந்து நாள்தோறும் எடுத்த சூரியப் படங்களைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். சூரியப் புள்ளிகள் ஏறி இறங்கச் சுமார் பதினொரு வருஷம் ஆகும், ஒரு ஆளின் பணிக்காலத்தில் மூன்று சுற்றுப் பார்த்தால் அதிகம், தாத்தா எடுத்த படத்தைப் பேரன் அளந்தால்தான் கதை முழுதாகும்.

நம் குறிஞ்சியும் இதே ஜாதிக் கேள்விதான். 1994, 2006, 2018 என்று பூத்தது, அடுத்தது 2030. 1838இலிருந்து எழுதிவைத்த குறிப்புகள் இருப்பதால்தான் பன்னிரண்டு வருஷக் கணக்கை அடித்துச் சொல்ல முடிகிறது. ஏன் பன்னிரண்டு, ஏன் எல்லாம் ஒரே சமயத்தில்? விதை தின்னிகளால் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு ஒரே மூச்சில் கொட்டிவிட்டால் மிச்சம் முளைக்கும் என்பது ஒரு கருதுகோள். சோதிக்க நினைத்தால் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு வாய்ப்பு. பிஎச்.டி. உதவித்தொகை அதுவரைக்கும் தாங்காது.

முத்தோரையில் அண்ணன் தோட்டத்திலிருந்தே தெரிகிற ரேடியோ தொலைநோக்கி இருக்கிறதே, அதைப் பற்றிக் கேட்டேன். "அந்தக் கம்பி வலையா, சின்ன வயசுல இருந்து பார்க்கறேன்" என்றார். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970இல் வேலையைத் தொடங்கியது. அதை ஏன் அந்தச் சரிவில் கொண்டுபோய் வைத்தார்கள் என்பது தெரிந்தால் யாருக்கும் பிடித்துப்போகும். ஊட்டி நிலநடுக்கோட்டிலிருந்து பதினொரு டிகிரி சொச்சம் வடக்கே இருக்கிறது. அதே அளவு சாய்ந்த, வடக்கு தெற்காக ஓடுகிற ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் தொலைநோக்கியைப் படுக்க வைத்தால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும், அப்புறம் ஒரே ஒரு திசையில் மெல்லச் சுழற்றினாலே ஒரு நட்சத்திரக் கூட்டத்தை மணிக்கணக்கில் பின்தொடரலாம். கோடிக்கணக்கில் செலவாகும் எந்திர வேலையை மலையே செய்துகொடுத்துவிட்டது.

ஊட்டியில் இன்னொன்று இருக்கிறது, கிரேப்ஸ்-3. விண்ணிலிருந்து வரும் கதிர்களை எண்ணுகிற இடம். அதில் மியூவான் என்ற துகளை எண்ணுவதற்கு 3,712 இரும்புக் குழாய்கள், ஒவ்வொன்றும் ஆறு மீட்டர் நீளம், கோலார் தங்கவயல் சுரங்கத்துக்குள் வேறொரு சோதனைக்குப் பயன்பட்ட சரக்கு. 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே ஒரு இடிமேகம் வந்தது. அது வந்த பதினெட்டு நிமிஷம் மியூவான் எண்ணிக்கை சுமார் இரண்டு சதவீதம் குறைந்தது. வேறு யாராவது என்றால் "மழையில மெஷின் மக்கர் பண்ணுது" என்று விட்டிருப்பார்கள். இவர்கள் 2011 முதல் பதிவான 184 இடிமழைகளை வரிசையாக எடுத்துப் பார்த்தார்கள், மேகத்துக்குள் எவ்வளவு மின்னழுத்தம் இருந்தால் மின்னூட்டமுள்ள இந்தத் துகள்கள் இந்த அளவு குறையும் என்று கணக்குப் போட்டார்கள். விடை 130 கோடி வோல்ட். நம் வீட்டுக்கு வருவது 230. இடிமேகத்துக்குள் இத்தனை பெரிய அழுத்தம் இருக்கலாம் என்று சி.டி.ஆர். வில்சன் என்ற இயற்பியலாளர் ஏறக்குறைய தொண்ணூறு வருஷத்துக்கு முன்பே ஊகித்திருந்தார், அளந்து காட்ட ஆள் இல்லாமல் இருந்தது. கட்டுரை வெளிவந்தது 2019இல். மேகம் வந்தது பதினெட்டு நிமிஷம், அது என்னவென்று உறுதியாகச் சொல்ல நாலு வருஷத்துக்கு மேல். "மூணு வருஷம் என்ன பண்ணுவாங்க" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை.

மனிதர்களைப் பற்றிய ஆராய்ச்சி இன்னொரு ரகம். குழாய் பொய் சொல்லாது, மனிதர் சொல்வார், அல்லது மரியாதைக்காக உண்மையை முழுங்குவார். 1901, 1902இல் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற மானிடவியலாளர் நீலகிரிக்கு வந்து தோடர் பழங்குடிகளிடம் விசாரித்து, குடும்பம் குடும்பமாக வம்சாவளி எழுதினார். ஒரு சிக்கல். செத்துப்போன சொந்தக்காரர் பெயரைச் சொல்வது அவர்களிடம் விலக்கு. அதனால் ஒரு குடும்பத்தின் வம்சாவளியை வேறு குடும்பத்தாரிடம் கேட்டு வாங்கி, பலர் சொன்னதை ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்தார். 1906இல் புத்தகமாக வந்தது. ஆனால் அவருக்குத் தோடர் மொழி தெரியாது, மொழிபெயர்ப்பவர் வழியாகத்தான் எல்லாம். 1935இல் வந்த மொழியியலாளர் எம்.பி. எமனோ மொழியிலிருந்தே தொடங்கினார். தோடர் பேசும் தோடம், கோத்தர் பேசும் கோத்தம், படகர் பேசும் படுகு என்று கேட்டுக் கேட்டுப் பதிந்தார், பின்னால் டி. பரோவுடன் சேர்ந்து திராவிட மொழிகளுக்கான வேர்ச்சொல் அகராதியைக் கொண்டுவந்தார், 1961இல். அங்கே சாட்சி என்பது வாய்ச்சொல். ஒரு சொல் தமிழில் எப்படி, தோடத்தில் எப்படி, தெலுங்கில் எப்படி என்று அடுக்கினால் ஒலிகள் ஒழுங்காக மாறியிருப்பது தெரியும், அந்த ஒழுங்குதான் உறவுக்கு ஆதாரம், ரெண்டு சொல் காதுக்கு ஒன்றுபோல இருப்பது மட்டும் ஆதாரம் ஆகாது. (ஜப்பான் மொழியில் நாலு தமிழ்ச் சொல்லைக் கண்டுபிடித்து நாற்பது பக்கம் எழுதிக்கொண்டு என் கடைக்கு வருகிற பெரியவர்கள் இதைப் படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

கேள்வித்தாள் ஆராய்ச்சி தனிக் கூத்து. "அண்ணா, நூத்திருபது காப்பி" என்று எடுப்பார்கள், அடுத்த நிமிஷம் "நீங்களே ஒண்ணு ஃபில் பண்ணிடுங்கண்ணா" என்பார்கள். நான் இதுவரை சுற்றுலாப் பயணியாக, சுய உதவிக் குழு உறுப்பினராக, ஒரு தடவை கர்ப்பிணித் தாய்மார் பற்றிய படிவத்தில்கூடக் கையெழுத்துப் போட அழைக்கப்பட்டிருக்கிறேன். எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் நிரப்பி வாங்கினால் அது எதிர்ப்பட்டவர்களின் கருத்து, ஊட்டி மக்களின் கருத்து ஆகாது. சோற்றுப் பதம் பார்க்க ஒரு பருக்கை போதும்தான், ஆனால் கிளறிவிட்ட சோறாக இருக்க வேண்டும், மேலாக இருக்கிற பருக்கையை மட்டும் எடுத்தால் அடியில் தீய்ந்தது தெரியாது.

குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் எலிகளுக்கு இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் போட்டு வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் என்று சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் கொழுகொழுவென்று முதலிடம், அரிசியே பிரதானமான மதராஸ் சாப்பாடு கடைசி. இதைப் படித்துவிட்டு இட்லியைக் கைவிட வேண்டாம். எலிகளுக்கு அப்படி ஆயிற்று என்பது உறுதி, மனிதருக்கும் அதே அளவில் ஆகும் என்பது அடுத்த படி, அதற்குத் தனி ஆதாரம் வேண்டும். செய்தித்தாளில் வரும் "ஆராய்ச்சியில் தகவல்" எல்லாவற்றிலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: எலியா, ஆளா, எத்தனை பேர்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஆராய்ச்சி நம் புல்வெளியைப் பற்றியது. சோலைக்கும் சோலைக்கும் நடுவே மலை முகட்டில் வெறும் புல் இருக்கிறதே, அது எப்படி வந்தது? மரமிருந்த இடத்தை மனிதர்கள் எரித்துப் புல்லாக்கிவிட்டார்கள் என்று ஒரு கட்சி, ஆதியிலிருந்தே புல்தான் என்று ஒரு கட்சி. சும்மா வாய்ச்சண்டை இல்லை, வெறும் புல் கிடக்கும் தரிசு என்று நினைத்துத்தான் அங்கே சீகையும் யூகலிப்டஸும் வரிசையாக நட்டார்கள். இதைத் தீர்க்க வந்தவர்கள் சதுப்பு நிலத்தைத் தோண்டினார்கள். நம் பள்ளங்களில் செத்த செடிகள் மக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, கறுப்பாக, ஈரமான புகையிலை மாதிரிக் கிடக்கும். ஆழம் போகப் போகப் பழசு. மரங்களும் நம் மலைக்குக் கீழே அதிகம் இருக்கிற வெப்பநிலப் புற்களும் காற்றிலிருந்து கரியை எடுக்கும் விதம் வேறு, அதனால் அவற்றின் உடம்பில் கனமான கரி அணுவுக்கும் லேசான கரி அணுவுக்கும் உள்ள விகிதமும் வேறு. அடுக்கடுக்காக அந்த விகிதத்தை அளந்தால் எந்தக் காலத்தில் எது ஓங்கியிருந்தது என்று படிக்கலாம். ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் உள்ளிட்டவர்கள் 1993இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். இருபதாயிரம் வருஷக் கதை: வறண்ட காலத்தில் புல் ஓங்கியது, ஈரமான காலத்தில் மற்றது ஓங்கியது, மனிதர் வந்து தீ வைப்பதற்கு ரொம்ப முன்பே புல் அங்கே இருந்தது. தாவரவியல் கேள்விக்கு வேதியியல் அளவு, அதற்குப் புவியியல் மண், காலத்தைச் சொல்ல இயற்பியல். துறை என்பது ஆளுக்கொரு வேலி போட்ட தோட்டம்தான், கேள்வி ஆட்டுக்குட்டி மாதிரி வேலி பார்த்துப் போவதில்லை.

சரி, ஒருவர் கண்டுபிடித்தேன் என்கிறார், எப்படி நம்புவது? ஆய்விதழுக்கு அனுப்பினால் ஆசிரியர் அதே துறைக்காரர்கள் இரண்டு மூன்று பேரிடம் கொடுத்துக் குறை கண்டுபிடிக்கச் சொல்வார். அது வடிகட்டி, அவ்வளவுதான், சல்லடையில் தப்பி வருவதும் உண்டு. உளவியலில் வெளிவந்த 100 ஆய்வுகளை எடுத்து ஒரு பெரிய குழு மறுபடி செய்து பார்த்து 2015இல் வெளியிட்டது, அதில் 36 சதவீதத்தில்தான் திரும்பவும் தெளிவான விளைவு கிடைத்தது. இத்தனைக்கும் பெரும்பாலும் யாரும் ஏமாற்றவில்லை. ஆய்வேடுகளில் "பி மதிப்பு 0.05க்குக் குறைவு" என்று நான் ஆயிரம் தடவை அடித்திருப்பேன். உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் வெறும் அதிர்ஷ்டத்தால் இவ்வளவு வித்தியாசம் தெரிய நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான வாய்ப்பு என்று அர்த்தம். அப்படியானால் இருபது விதமாகப் பார்த்தால் ஒன்று சும்மாவே தேறிவிடும். அந்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டு பத்தொன்பதை மறைத்தால் படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், மறைப்பானேன். ஒரு தடவை ஒரு பையன் இரவு எட்டு மணிக்கு வந்து, "அண்ணா, இந்த டேபிள்ல நாப்பத்தெட்டை மட்டும் அம்பத்தெட்டு ஆக்கிடுங்க, ரிசல்ட் வர மாட்டேங்குது" என்றான். ரிசல்ட் வந்துவிட்டது தம்பி, உன் எண்ணம் தப்பு என்பதுதான் ரிசல்ட் என்றேன். வேறு கடைக்குப் போய்விட்டான். இன்னும் சிலர் கருத்துத் திருட்டுச் சதவீதத்தைக் குறைத்துக் கொடுக்கச் சொல்லி வருவார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி ஆய்வேட்டில் பத்து சதவீதம் வரைக்கும் ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை, அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. உடனே சொல்லுக்குச் சொல் மாற்றுச்சொல் போட்டு மென்பொருளை ஏமாற்றப் பார்ப்பார்கள். அடுத்தவர் எண்ணத்தை எடுத்தால் அவர் பெயரைப் போட வேண்டும், அதற்கு ஒரு வரிதான் செலவாகும். அந்த வரி இருந்தால்தான் படிக்கிறவர் திரும்பிப்போய் மூலத்தைச் சரிபார்க்க முடியும்.

புதிதாக ஆய்வேடு படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழில் எழுதியவையும் உண்டு. முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள், நன்றியுரையிலேயே தூங்கிவிடுவீர்கள். கேள்வி என்ன என்று முதல் அத்தியாயத்தில் தேடுங்கள், கடைசி அத்தியாயத்தில் விடையைப் பாருங்கள், அப்புறம் நடுவில் போய் எப்படிச் செய்தார் என்று பாருங்கள். தன் ஆய்வின் குறைகளைத் தானே எழுதியிருக்கிறவரை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன்.

ஒருவழியாகக் கரண்ட் வந்தது. மெஷின் சூடாகிறவரை அண்ணன் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார். "அப்ப நான் போட்ட புண்ணாக்கு வேலை செஞ்சுதா, இல்லையா?"

"தெரியாதுங்கண்ணா. போன வருஷம் மழையும் சீராப் பேஞ்சுது, உறைபனியும் அவ்வளவா இல்ல. புண்ணாக்கு போடாத பாத்தி ஏதாச்சும் விட்டீங்களா?"

"முழுசுக்கும் போட்டுட்டேனே."

"அதான்."

நகல்களை வாங்கி மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார். போகவில்லை. மேட்டுத் தோட்டத்தில் பாத்தி எத்தனை என்று விரல் விட்டு எண்ணினார், பன்னிரண்டு. மேசைக்கு அடியில் இருந்த கழிவுப் பெட்டியிலிருந்து ஒரு பக்கம் அச்சான தாள் ஒன்றை எடுத்து, மடித்து மடித்துக் கிழித்து, என் பேனாவை வாங்கி ஒவ்வொரு துண்டிலும் எண் போட ஆரம்பித்தார்.